பல் எடுத்த கிழப் பூனையும் ஒரு பவுச் கணக்கும்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு வெள்ளையனுக்கு 13 வயது, கருத்தடை செய்த கடுவன். ஒன்பது பல் எடுத்து நான்கு நாள் ஆகிறது. அறுவை அன்று எடை 4.2 கிலோ. இப்போது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பவுச் ஈரத் தீவனத்தில் கிரேவியை நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிடுகிறான். வலி மருந்து கொடுத்தால் சொக்கிப்போகிறான் என்று இரண்டாம் நாளோடு அதை நிறுத்திவிட்டார்கள். மாமியார் காயத்தில் மஞ்சளும் கிராம்பு எண்ணெயும் தடவச் சொல்கிறார். பால் கொடுக்கலாமா, உலர் தீவனத்துக்கு எப்போது திரும்பலாம், இனிமேல் இவன் எப்படித்தான் தின்பான் என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. ஈரோட்டில் ஒரு கால்நடை மருத்துவரிடம் 19 ஆண்டு உதவியாளாக இருந்தேன். பல் எடுத்த பூனைகளை மயக்கம் தெளியும்வரை துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்ததுதான் என் படிப்பு. வீட்டிலும் ராசாத்தி என்று ஒரு கிழவி இருந்தாள், கடைசி நான்கு வருடம் ஒரு பல்கூட இல்லாமல்.

கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். கேட்காத ஒன்றுதான் இன்றைக்கே பார்க்க வேண்டியது. 4 கிலோ சொச்சம் உள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். 85 கிராம் கிரேவி பவுச்சில் பெரும்பாலும் 60 முதல் 80 கலோரிதான் இருக்கும். அதிலும் துண்டை விட்டுச் சாற்றை மட்டும் நக்கினால் பாதிகூட உள்ளே போகாது. அதாவது வெள்ளையன் நான்கு நாளாகக் கால் வயிற்றுக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறான். "சாப்பிடறான், கொஞ்சமாச் சாப்பிடறான்" என்று நாம் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பூனையின் உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

நாய் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் மெலியும், பிறகு தேறிவிடும். பூனை பட்டினி கிடந்தால், உடம்பில் உள்ள கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அந்த அளவுக் கொழுப்பைக் கையாளப் பூனையின் கல்லீரலுக்குத் தெம்பு கிடையாது. கொழுப்பு அடைத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கலாம், குண்டுப் பூனைகளுக்குச் சீக்கிரம் வரும். காது மடலின் உட்புறம், ஈறு, கண்ணின் வெள்ளை இவை மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளையனுக்கு அப்படி இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, "நாலு நாளா ஒரு பவுச்சுக்கு மேல இறங்கல, வலி மருந்தையும் நிறுத்திட்டோம்" என்று அப்படியே சொல்லுங்கள். மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்.

என் கணிப்பில் அவன் சாப்பிடாததற்கும் கட்டிலுக்கு அடியில் கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான், வலி. ஒன்பது பல் என்றால் ஒன்பது குழி. பூனைப் பல் நம் பால்பல் போல ஆடிக் கழன்று வருவதில்லை. பல கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர், மேல் தாடையின் பெரிய பல்லுக்கு மூன்று. ஈற்றைக் கிழித்து, எலும்பைக் கொஞ்சம் ராவி, வேரை இரண்டாக வெட்டி எடுத்துத் தைத்திருப்பார்கள். மனிதனாக இருந்தால் ஒரு வாரம் லீவு போட்டிருப்போம். பூனை வலியில் கத்தாது. ஒளிந்துகொள்ளும், முதுகைக் கூனி உட்காரும், கண்ணைப் பாதி மூடும், காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பி இருக்கும், மீசை முன்னுக்கு விறைத்து நிற்கும். 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்கும் ஒரு அட்டவணை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை என்று ஐந்துதான் பார்க்க வேண்டும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து, மெதுவாக இந்த ஐந்தையும் பாருங்கள். டார்ச்சை நேரே கண்ணில் அடிக்க வேண்டாம்.

சொக்கிப்போவதைப் பற்றி. பூனைகளுக்குப் பல் எடுத்தபின் எழுதித் தரும் மருந்துகளில் புப்ரெனார்ஃபின், காபாபென்டின் இரண்டும் தூக்கம் வரவைக்கும், அது அவற்றின் இயல்பு. கிழப் பூனை சொக்கிக் கிடந்தாலும் எழுந்து வந்து சாப்பிட்டால் எனக்குக் கவலை இல்லை. தள்ளாடி விழும் அளவுக்கு என்றால் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும், நாமே நிறுத்தக் கூடாது. உங்களுக்குக் கொடுத்தது மெலாக்சிகாம் திரவமாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூனைக்கு உரிய மருந்தில் ஒரு மில்லிக்கு 0.5 மில்லிகிராம், நாய்க்கு உரியதில் 1.5. கடையில் நாய் மருந்துதான் பெரும்பாலும் கிடைக்கும், அதை வாங்கிவந்து பூனை அளவில் ஊற்றினால் மூன்று மடங்கு போய்விடும். அதுவும் சாப்பிடாத, தண்ணீர் குடிக்காத, 13 வயதுப் பூனைக்கு அந்த மருந்து சிறுநீரகத்தில் போய் இடிக்கும். ஆகவே மறுபடி தொடங்கும் முன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தைப் படித்துக் காட்டி, எத்தனை மில்லி என்று கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் தொடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பாவம், அக்கறையாகத்தான், பல் வலிக்குமே என்று பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரையைத் தேனில் குழைத்து நக்கக் கொடுத்தார்கள். பொழுதோட முகமெல்லாம் வீங்கி, ஈறு சாக்லேட் நிறமாகி, மறுநாள் விடியும் முன் போய்விட்டது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனைக் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பாகிவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் நாமாகக் கொடுக்கக் கூடாதவை.

அதே கல்லீரல் கதைதான் கிராம்பு எண்ணெய்க்கும். அதில் உள்ள யூஜினால் பூனைக்கு நஞ்சு. நம் பல்லுக்குப் பஞ்சில் தொட்டு வைப்பது போல அங்கே வைத்தால், நக்கி விழுங்கத்தான் போகிறான். மஞ்சள் நஞ்சில்லை, ஆனால் வேண்டாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது, குழம்புக்கும் கோலத்துக்கும் நன்றாக இருக்கும். தைத்த ஈற்றில் பொடி போய் ஒட்டினால் அது வெறும் தூசிதான். கசப்பில் எச்சில் வழியும், உங்கள் கையைக் கண்டாலே ஓடுவான், அப்புறம் சோற்றுக்கும் வரமாட்டான். வாயைத் திறந்து தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் வேண்டாம். பூனை வாய் ரத்த ஓட்டம் மிகுந்த இடம், தன்னால் ஆறும். தையல் நூல் கரையும் நூலாகத்தான் இருக்கும். மூன்று முதல் ஆறு வாரத்தில் கரைந்தோ உதிர்ந்தோ போகும், பிரிக்கத் தேவையில்லை. வாயை அதன் பாட்டுக்கு விடுங்கள். உங்கள் கவனமெல்லாம் வயிற்றில் இருக்கட்டும்.

வயிற்றுக்கு என்ன கொடுப்பது? முதலில் இருக்கும் பவுச்சையே மிக்சியில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அடித்துக் கூழாக்குங்கள். துண்டைக் கடிக்க முடியாமல்தான் விட்டுவிடுகிறான். தோல், எலும்பு இல்லாத கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு அரைத்தும் கொடுக்கலாம். 100 கிராம் வெந்த நெஞ்சுக்கறியில் 165 கலோரி இருக்கிறது, ஆக 120 கிராம் இறங்கினால் ஒரு நாள் ஓடிவிடும். வெந்த முட்டை மஞ்சள் கரு கொஞ்சம் கலந்தால் இன்னும் சத்து. நாமக்கல்லுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்கா பஞ்சம்.

ஆனால் வீட்டுக் குழம்பிலிருந்து கறியைக் கழுவி எடுத்துப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது கூடவே கூடாது. நம் சமையலே சின்ன வெங்காயத்தில்தான் நிற்கிறது. பள்ளிபாளையம் சிக்கனோ, நாட்டுக்கோழிக் குழம்போ, அரிசியும் பருப்புச் சாதமோ எதை எடுத்தாலும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இல்லை. இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவினால் போகாது, சாற்றில் இறங்கியிருக்கும். பூனைக்கு என்று தனிப் போசியில் வேகவையுங்கள். மீன் கொடுத்தால் முள்தான் பயம். எந்த மீனானாலும் சதையைக் கையால் உதிர்த்து இரண்டு முறை தடவிப் பார்த்துக் கொடுங்கள். கருவாட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசம் காட்டிப் பசியைக் கிளப்பலாம், ராசாத்திக்கு அது எப்போதும் பலித்தது. வாய்க்குள் மட்டும் போகக் கூடாது, அவ்வளவு உப்பு கிழப் பூனைக்கு ஆகாது.

வெறும் கோழிக்கறியிலேயே மாதக்கணக்கில் ஓட்டவும் முடியாது. டாரின் என்ற சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. டாரின் குறைந்தால் பூனைக்கு இதயம் பலூன் மாதிரி விரியும் என்பதை 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குக் கறி பரவாயில்லை, அதற்குப் பிறகு பூனைக்கென்று செய்த முழுத் தீவனம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால்சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் உடம்பில் தண்ணீர் இன்னும் வற்றினால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். அதற்குப் பதில் கறி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, மேலே படிந்த கொழுப்பை எடுத்துவிட்டு ஒரு வட்டலில் வைத்துப் பாருங்கள்.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதிலும் பாதி இருக்கிறது. பூனை மூக்கால்தான் சாப்பிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூழுக்கு வாசமே இருக்காது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்து, மணிக்கட்டில் தொட்டால் இளஞ்சூடு தெரியும் பதத்தில் கொடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், ஆனால் ஆறேழு வேளை. ஆழக் கிண்ணம் வேண்டாம், மீசை இடிக்கும். தட்டையான வட்டல் வையுங்கள். கூழ் தீவனத்துக்கு எறும்பு ஒரு நொடியில் வந்துவிடும், ஆகவே அந்த வட்டலைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் வையுங்கள். சாப்பிடாமல் அரை மணி கிடந்தால் எடுத்துவிடுங்கள். எப்போதும் முகத்துக்கு எதிரே கெட்டுப்போன சோறு இருந்தால் பூனைக்குக் குமட்டல் தட்டிவிடும்.

சிரிஞ்சில் வைத்து வாய்க்குள் பீய்ச்சுவதை நான் ஆதரிப்பதில்லை. தையல் இருக்கும் வாய், பயந்த பூனை, நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. உதட்டு ஓரத்தில் அரை மில்லி தொட்டு வைத்து, தானே நக்கினால் அடுத்தது, அவ்வளவுதான். அதுவும் நடக்காவிட்டால் மருத்துவர் குமட்டலை அடக்கும் மருந்தோ மிர்டாசபின் என்ற பசி மருந்தோ எழுதுவார். இன்னும் மோசமானால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதை வைத்த பூனைகள் நிம்மதியாகத் தூங்குவதை நான் கண்டிருக்கிறேன், வீட்டுக்காரர்களும்தான்.

மாத்திரையாக ஏதாவது கொடுத்திருந்தால், குறிப்பாக டாக்சிசைக்ளின், அதை வறட்டு மாத்திரையாக விழுங்க வைக்கக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும். பின்னாலேயே 5, 6 மில்லி தண்ணீரோ கூழோ இறங்க வேண்டும். வாயைத் திறக்காமலே கொடுக்கத் திரவ மருந்து கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

சரி, இடத்தைப் பற்றி. மார்கழிக் குளிரில் வெறும் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். கிழப் பூனைக்கு உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும் சதை குறைவு, சாப்பிடாதவனுக்கு இன்னும் குறைவு. அவனை வெளியே இழுக்காதீர்கள். ஒளிய இடம் வேண்டும் என்பது அவன் உரிமை. ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய கம்பளி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலை இரண்டு சுற்றுத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில், இப்படிச் செய்து கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிடுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். மலஜலம் கழிக்கும் மண் தட்டு, தண்ணீர், வட்டல் எல்லாம் பத்தடிக்குள், ஆனால் மண் தட்டு சோற்றுக்குப் பக்கத்தில் இல்லாமல். அட்டாலிக்கு ஏறும் வழியை ஒரு வாரம் அடைத்துவையுங்கள். பொடக்காலிக்கும் விடாதீர்கள், வலியில் இருக்கும் பூனை வெளியே போனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்ப் படுத்துவிடும். அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைக்க வேண்டாம், காலில் ஒட்டியதை நக்குவான். சாம்பிராணியும் கற்பூரமும் வேறு அறையில்.

எடை. குளியலறைத் தராசு 100 கிராமைச் சரியாகக் காட்டாது, நமக்கு வேண்டியதே அந்த 100 கிராம்தான். உங்கள் ஊரில் பட்டுக்கூடு நிறுக்கும் டிஜிட்டல் தராசு யார் வீட்டிலாவது இருக்கும். கூடையை வைத்துப் பூஜ்யமாக்கி, வெள்ளையனை உள்ளே வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை எழுதிவையுங்கள். 4.2 இப்போது 4க்குக் கீழே போயிருந்தால், மருத்துவரிடம் சொல்லும்போது அதுதான் முதல் வாக்கியம்.

முதல் இரண்டு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்திருந்தால் பயமில்லை. இப்போதும் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால், கண்ணுக்குக் கீழே வீங்கினால், ஒரு வாரத்துக்குப் பின்னும் வாய் நாற்றம் கூடிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். மேல் கோரைப்பல்லை எடுத்திருக்கிறார்களா என்றும் பில்லில் பாருங்கள். அதை எடுத்தால் மேலுதடு உள்ளே இறங்கி, கீழ்க் கோரைப்பல் அதில் குத்தும் சில பூனைகளுக்கு. உதட்டில் ஒரு புண் தெரியும். சொல்லிவிட்டால் சரிசெய்வது எளிது.

எதனால் ஒன்பது பல் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. கிழப் பூனைகளுக்கு நம்மைப் போலச் சொத்தை வருவதில்லை. பல்லை அதன் உடம்பின் செல்களே அரித்துத் தின்றுவிடும், அடைத்துப் பயனில்லை, எடுப்பதுதான் வழி. ஈறு நோயும் சேர்ந்திருக்கும். ஆகவே "எதுக்கு இத்தன பல்லைப் புடுங்கீட்டாங்க" என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்த மருத்துவர் மீது கோபம் வேண்டாம்.

இனி எப்படித் தின்பான்? நன்றாகத் தின்பான். பூனைக்கு மொத்தம் 30 பல், 9 போனால் 21. பூனை நம்மைப் போல அரைத்து மென்று தின்னும் பிராணி இல்லை. அதன் கடைவாய்ப் பல் கத்தரிக்கோல் மாதிரி, நறுக்கி விழுங்கத்தான். நறுக்கும் வேலையை நீங்கள் மிக்சியில் செய்துவிட்டால் முடிந்தது. ராசாத்தி பல்லில்லாமலே ஊறவைத்த உலர் தீவனம் தின்றாள், ஒரு வருடம் கழித்து ஊறவைக்காததையும் திருடித் தின்றாள். வெள்ளையனுக்கு இரண்டு வாரம் கூழ், மறுபரிசோதனையில் ஈறு மூடிவிட்டது என்று சொன்ன பிறகு ஊறவைத்த உலர் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக. கேட்டு அழுதாலும் அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) தைராய்டும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பத்து வயது தாண்டிய பூனைக்கு இரண்டும் வேண்டும். பெரிய சோதனை தேவைப்பட்டால் நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையிலும் ஒன்று வந்திருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் மாமியாரை விட்டுவிடாதீர்கள். அவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், வெள்ளையன் மேல் பாசமும் இருக்கிறது, இல்லாவிட்டால் மஞ்சளைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார். "அத்தை, ரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வெந்நீர்ப் போசில கிண்ணத்த வச்சு ரண்டு கரண்டி குடுங்க" என்று அந்த வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். எவ்வளவு இறங்கியது என்பதைக் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் மருத்துவருக்கு ஃபோன்.